ஆம்ப்ரோஸ் ஹெல்யார் அடித்த பதின்மூன்றாம் மணி

மெல்மவுத் நகர மன்றத்தில், மாட்சிமை தங்கிய ராணியார் ஆட்சியின் முப்பத்தோராம் ஆண்டு, செப்டம்பர் ஒன்பதாம் நாள் முற்பகல், மேயரே வழக்கில் ஒரு தரப்பாக இருப்பதால் அவருக்குப் பதிலாக நீதி இருக்கையில் அமர்ந்த மூத்த உறுப்பினர் ரோலண்ட் டேக்கர் ஐயா முன்னிலையில், நகர எழுத்தரால் எழுதப்பட்டது.

பெயர் தாமசின் பைக். காலஞ்சென்ற படகோட்டி ஹியூ பைக்கின் மனைவி. வயது அறுபத்திரண்டு, ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். குடியிருப்பது தோல் சந்தில், பாலத்திலிருந்து நான்காவது வீடு. தொழில் மருத்துவச்சி.

நான் இந்த ஊரில் முப்பத்தேழு வருஷமாகப் பிரசவம் பார்த்து வருகிறேன். பிஷப் முன்னால் முட்டிபோட்டு, வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்து உரிமம் வாங்கியவள். ஒருவன் பிள்ளையை இன்னொருவன் பிள்ளை என்று சொல்லமாட்டேன், பேறுகால அறையில் பார்த்ததை வெளியே பேசித் திரியமாட்டேன், நீதி கேட்டால் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்பது அந்தச் சத்தியம். இந்த விஷயத்தில் இருபத்துமூன்று வருஷமாக நான் வாய் திறக்காததற்குக் காரணம் அதுதான். இன்றைக்கு வாய் திறப்பதற்குக் காரணமும் அதுதான். இப்போது இந்த மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் ஐந்து பேர் தலையை முதன்முதலில் பார்த்தவள் நான். எழுத்தர் அவர்களின் தலையும் அதில் ஒன்று. கொஞ்சம் கோணலாக வந்தது, தடவிச் சரி செய்தேன். இது வழக்குக்குத் தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். என் தொழில் தகுதிக்கு இதுதான் அத்தாட்சி என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது.

இந்த வழக்கில் உள்ள ஆம்ப்ரோஸ் ஹெல்யாரை எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது இந்த ஊரின் மேயர். பதினான்கு வயதில் மேட்டு நாட்டிலிருந்து ஒரு ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு வந்தார், ஆடுகள் சந்தையில் விற்றுப் போயின, இவர் திரும்பிப் போகவில்லை. கோட்டைத் தெருத் துணிக்கடை ஒன்றில் எட்டு வருஷம் வேலை பழகினார். அதன் பிறகு கயிறு திரிப்பவரின் இளைய மகள் பிலிப்பாவைக் கட்டினார். அதன் பிறகு ஊருரிமை வாங்கி, சொந்தமாகத் துணிக்கடை வைத்து, சந்தை மேற்பார்வை பார்த்து, ஊர்க் கிணறுகளுக்குப் பொறுப்பாக இருந்து, மன்ற உறுப்பினர் ஆனார். கொள்ளைநோய் வருஷத்தில் மற்றக் கனவான்கள் பெட்டி படுக்கையோடு கிராமங்களுக்குப் போனபோது இவர் போகவில்லை. அடைத்துப் போட்ட வீடுகளின் வாசலில் தினமும் ரொட்டியும் தண்ணீரும் தன் கையாலேயே கொண்டுபோய் வைத்தார். அந்த வருஷம் அவருடைய இரண்டு பையன்களுக்கும் நான்தான் கோடித்துணி சுற்றினேன். பிலிப்பா ஆறு பெற்றாள். மிஞ்சியது மூத்தவள் செசிலி ஒருத்திதான். அந்தச் செசிலியைப் பற்றியதுதான் இந்த வழக்கு.

இந்த ஊரில் ஊருரிமை இல்லாதவன் கடை வைக்க முடியாது. வேலை பழகி முடித்தவனுக்கு அந்த உரிமை உண்டு. உரிமைக்காரரின் மகளைக் கட்டுகிறவனுக்கும், அவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், உண்டு. ஆனால் தகப்பன் மன்றத்தில் சத்தியம் செய்து உரிமை எடுத்த பிறகு பிறந்த பெண்ணாக இருக்க வேண்டும். ஒரு நாள் முந்திப் பிறந்தாலும் கிடையாது. பிலிப்பாவும் அவள் அக்கா ஜோனும் அப்படி முந்திப் பிறந்தவர்கள். ஜோன் வெளியூர்த் தையல்காரர் ஒருவரைக் கட்டினாள். மன்றத்து ஆட்கள் வந்து அவருடைய கடைப் பலகையில் ஆணி அடித்து மூடினார்கள். ஜோன் புருஷனோடு வண்டி ஏறிப் போனாள், பிலிப்பா பாலம் வரைக்கும் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினாள். அப்போது பிலிப்பாவுக்குப் பதினாறு வயது. அக்காவை அதற்குப் பிறகு அவள் பார்க்கவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் தெரியாது.

சென்ற வருஷம் செசிலி, பியர்ஸ் ஆல்டன் என்ற வெளியூர்க் கையுறைக்காரரைக் கட்டினாள். பெண்டாட்டி வழி உரிமையில் அவர் பாலத்தடியில் கடை திறந்தார். நல்ல தையல், விரலுக்கு விரல் ஒட்டி நிற்கும், ஊரே அங்கே போனது. கையுறைக்காரர் சங்கத் தலைவர் ஜெர்வாஸ் மோர்டனுக்கு அது பொறுக்கவில்லை. செசிலி தகப்பன் சத்தியத்துக்கு முன்னால் பிறந்தவள் என்று வழக்குத் தொடுத்தார். ஜூலை மாதம் பியர்ஸ் கடைப் பலகையில் ஆணி அடிக்கப்பட்டது. வழக்கில் தோற்றால் இந்த மாதக் கடைசிக்குள் இருவரும் ஊரைவிட்டுப் போக வேண்டும். செசிலிக்கு இப்போது எட்டாம் மாதம். வண்டியில் ஏற்றக்கூடாத மாதம் என்பதை நான் தொழில் முறையில் சொல்லிக்கொள்கிறேன்.

மேயர் நினைத்திருந்தால் இந்த வழக்கை வாசலிலேயே தள்ளியிருக்கலாம். இன்று காலை அவர் சிவப்பு அங்கியையும் சங்கிலியையும் தானே கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, வழக்காடிகள் நிற்கும் கம்பிக்கு வெளியே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதை நான் பார்த்தேன்.

சம்பவம் நடந்தது ராணியாரின் எட்டாம் ஆண்டு, ஈஸ்டர் முடிந்து இரண்டாம் திங்கட்கிழமை. அன்று காலை சந்தை கூடும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது பிலிப்பாவுக்கு வலி கண்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது, தலைச்சன். ஜன்னல் பலகைகளைச் சாத்தி, சாவித் துவாரத்தில் துணி அடைத்து, பிள்ளை தடையில்லாமல் வரட்டும் என்று வழக்கம்போல அறையில் இருந்த முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்து விட்டிருந்தார்கள். என்னைத் தவிர ஆறு பெண்கள் இருந்தார்கள். மசாலாவும் முட்டையும் போட்ட சூடான மதுக்கஞ்சி அடுப்பில் இருந்தது. அதில் பாதியை அன்று பிள்ளை பெறாதவர்களே குடித்துவிட்டார்கள். அந்த ஆறு பேரில் ஐந்து பேர் இப்போது கோயில் தோட்டத்து மண்ணில் இருக்கிறார்கள். ஆறாவது ஆள் பேரைக் கேட்கும்போது சொல்கிறேன்.

நான் உள்ளே போனதும் பிலிப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவரு சத்தியம் பண்ணி மணி அடிக்கிற வரைக்கும் இது வெளிய வரக் கூடாது" என்றாள்.

"ஏம்மா, நான் என்ன கதவா? தாழ்ப்பாள் போட்டு நிறுத்தச் சொல்ற."

"அவரு சத்தியம் இன்னும் முடியல. முந்திப் பொறந்தா இதுவும் எங்க ஜோன் மாதிரி ஆயிரும்."

"ஆம்பளப் பிள்ளயா இருந்தா?"

"ஆணோ பொண்ணோ, மணிக்கு அப்புறம்."

நான் கையை அலம்பிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தேன். ஜோன் ஏறிப் போன வண்டியை நானும் பார்த்தவள்.

புதிதாக உரிமை எடுக்கிறவர் சத்தியம் முடிந்த கையோடு மன்ற மணியைத் தானே அடிக்க வேண்டும். மன்றத்தில் பன்னிரண்டு உறுப்பினர்கள், ஆளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அடி. அது இன்றும் உள்ள வழக்கம். அன்று மூன்று பேர் சத்தியம் செய்தார்கள். முதலில் ஒரு ரொட்டிக்காரர், அடுத்து மெழுகுவர்த்திக்காரர், மூன்றாவது ஆம்ப்ரோஸ் ஹெல்யார். செசிலி மணி அடிக்கும்போது பிறந்தவள் என்பது ஊருக்கே தெரியும். மோர்டனும் அதை மறுக்கவில்லை. எந்த மணி என்பதுதான் பேச்சு. இரண்டாவது மணியின்போது கோட்டைத் தெருவில் நின்று பிள்ளை வீறிட்ட சத்தத்தைக் கேட்டதாகத் தண்ணீர் சுமக்கும் டாபின் நேற்று இதே இடத்தில் சொன்னார். டாபின் பொய் சொல்கிறவர் இல்லை. சத்தம் கேட்டது நிஜம். அது பிள்ளைச் சத்தம் இல்லை.

முதல் மணி அடித்தபோது வலி அவ்வளவாக இல்லை. பன்னிரண்டும் எண்ணினோம். அதன் பிறகு வலி நெருக்கி வந்தது. இரண்டாவது மணி ஆரம்பித்ததும் பிலிப்பா, "அவருதான், அவருதான்" என்று சொல்லிக்கொண்டு முக்கப் போனாள். அவளைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டிருந்த தோழி, "இல்லடி, இது மெழுகுவர்த்திக்காரரு. வரிசைய எங்க வீட்டுக்காரரே காலைல சொல்லிட்டுத்தான் போனாரு. உன் ஆளு மூணாவது" என்றாள். "அடக்குடி, அடக்கு" என்று சொல்லித் தன் இடது கையை அவள் வாய்க்கு நேரே கொண்டுபோனாள். பிலிப்பா அதைக் கடித்தாள். சும்மா இல்லை, கட்டை விரலுக்குக் கீழே பல் இறங்கி ரத்தம் வந்தது. தோழி போட்ட சத்தம்தான் தெருவுக்குக் கேட்டது. அப்போது இரண்டாவது மணி ஏழோ எட்டோ அடித்திருந்தது.

நான் பிள்ளையைப் பிடித்து நிறுத்தினேனா என்று நீதிபதி ஐயா கேட்டார். நிறுத்தவில்லை. அப்படிச் செய்தால் என் உரிமமும் போகும், பிள்ளையும் போகும். "கஞ்சி சுடுது, ஊது. இன்னும் சுடுது, ஊது" என்று மட்டும் சொன்னேன். அவள் ஊதினாள். கால் மணி நேரம் அப்படியே ஊதினாள். நான் பார்த்த ஆயிரத்துச் சொச்சம் பிரசவத்தில் அப்படி ஒரு பிடிவாதத்தைப் பார்த்ததில்லை.

அதன் பிறகு மூன்றாவது மணி ஆரம்பித்தது. அறையில் இருந்த எல்லோரும் வாய்விட்டு எண்ணினோம். தலை தெரிய ஆரம்பித்துவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. "அவ்வளவுதான், இனி உன் பாடு, முக்கும்மா" என்றேன். அவள் மூச்சை இழுத்தாள். அப்போது மணி இன்னொரு தரம் அடித்தது.

கையில் ரத்தத்தோடு இருந்த தோழிதான், "பதிமூணு" என்றாள். "அடியே, உன் புருஷனுக்கு எண்ணத் தெரியலடி. துணி அளக்குறப்பவும் இப்படித்தானா? அப்படின்னா நாளைக்கே நான் கடைக்கு வரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பிலிப்பாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு பிள்ளை என் கைக்கு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பெற்றவளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பெண் பிள்ளை, நல்ல எடை, உடனே அழுதது. ஆக, தகப்பன் சத்தியம் செய்து முடித்து, மணியும் அடித்து முடித்து, ஒன்று கூடுதலாகவும் அடித்த பிறகுதான் செசிலி பிறந்தாள்.

அதன் பிறகு ஆம்ப்ரோஸ் வந்தார். வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் செத்துப் போயிருந்தது.

"ஊரே சிரிச்சுது அக்கா. கயித்த விட மறந்துட்டேன். ஒண்ணு கூடப் போயிருச்சு."

"உள்ளயும் ஒண்ணு கூடியிருக்கு. போய்ப் பாருங்க" என்றேன்.

அவர் போனார். பிள்ளை அவருடைய மணியில்தான் வந்தது என்று பிலிப்பா சொன்னாள். நாங்களும் பதின்மூன்று எண்ணிச் சிரித்தோம் என்பதை மட்டும் சொல்லக்கூடாது என்று அன்றே பெண்கள் பேசி வைத்துக்கொண்டோம். ஏற்கெனவே வெளியே சிரித்தது போதாதா அந்த மனுஷனுக்கு. அதன்படி இந்த நாள் வரை யாரும் சொல்லவில்லை.

ஆனால் வெளியே அது அடங்கவில்லை. அன்று மன்றத்தில் மணிக்கயிற்றை எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவர் இதே ஜெர்வாஸ் மோர்டன். பதின்மூன்றையும் பக்கத்தில் நின்று எண்ணினார். அன்று சாயங்காலமே ஹெல்யாருக்குப் "பதிமூணு" என்று பெயர் வைத்தார். தெருவில் கண்டால், "பதிமூணு வர்றாரு, வழி விடுங்கப்பா" என்பார். ஹெல்யார் முதல் தரம் மன்ற உறுப்பினர் ஆனபோது, "இப்பத்தான் பதிமூணாவது மெம்பர் வந்து சேந்தாரு" என்றார். மேயராகச் சத்தியம் செய்த அன்று விருந்தில், அத்தனை பேர் முன்னால் கிண்ணத்தைத் தூக்கி, "நம்ம மேயரய்யா பன்னிரண்டு மாசம் ஆளுவாரா, பதிமூணு மாசம் ஆளுவாரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹெல்யாரும் சிரித்தார். பிலிப்பா சிரிக்கவில்லை, அவள் தட்டில் இருந்த மாட்டிறைச்சி அப்படியே இருந்தது. இருபத்துமூன்று வருஷமாக ஒரு மனுஷனை ஒரே எண்ணால் குத்துவது என்றால் அதற்கும் ஒரு பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்காகத்தான் நான் இன்று மோர்டனுக்கு நன்றி சொல்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இதுவரை சொல்லி முடித்ததும், அன்று அடித்த மூன்று பேரில் பதின்மூன்று அடித்தவர் யார் என்று மோர்டனையே கேட்க வேண்டும் என நீதிபதி ஐயாவைக் கேட்டுக்கொண்டேன். ஐயா கேட்டார்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார் மோர்டன்.

"பேரச் சொல்லுங்க. எழுதணும்" என்றார் ஐயா.

மோர்டன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஹெல்யார்" என்றார்.

அதன் பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பதிமூணு அடிச்சது அவருதான். அது பிள்ள பெத்த ரூம்ல கேட்டுச்சுன்னு யாரு சொன்னா? இந்தக் கிழவி சொல்லுது. மேயர் வீட்டு ரொட்டிய முப்பது வருஷமாத் தின்ன கிழவி. பதிமூணுங்கறத இன்னைக்குக் காலைலதான் பாடம் பண்ணிட்டு வந்திருக்கும்" என்றார்.

மேயர் வீட்டு ரொட்டியை நான் தின்றது உண்மை. மோர்டன் வீட்டிலும் தின்றிருக்கிறேன், அங்கே உப்பு கம்மி.

அதன் பிறகு ஆறாவது பெண்ணின் பெயரை நீதிபதி ஐயா கேட்டார். நான் இருபத்துமூன்று வருஷமாகக் காத்த வாயை அப்போது திறந்தேன். அந்தத் தோழி, அப்போது கல்யாணமாகி ஆறு மாதமே ஆகியிருந்த வினிஃபிரட், ஜெர்வாஸ் மோர்டனின் மனைவி. இந்த மன்றத்தில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கோயிலானாலும் சரி, கோடைக்காலமானாலும் சரி, கையுறை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. புருஷன் சரக்கைக் காட்டிக்கொண்டு திரிகிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. இடது கையைக் காட்டச் சொல்லுங்கள் என்றேன்.

மோர்டன் எழுந்து, "என் சம்சாரத்த இதுல இழுக்காதீங்க. வினிஃபிரட், உக்காரு" என்றார்.

அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். பதினொரு வருஷமாகப் புருஷன் பேச்சைக் கேட்டுத் தெருவில் பிலிப்பாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். இடது கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினாள், அவசரப்படவில்லை. கம்பி ஓரம் வரை நடந்து வந்து கையை நீட்டினாள். கட்டை விரலுக்குக் கீழே மேல் வரிசைப் பல்லும் கீழ் வரிசைப் பல்லும் பதிந்த தழும்பு பிறை மாதிரி இருந்தது. நீதிபதி ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். எழுத்தரும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"கடிச்சது பிலிப்பா, ஐயா. ரெண்டாவது மணில. கத்துனது நான். டாபின் கேட்டது என் குரல்தான்" என்றாள். "மூணாவது மணிய எண்ணுனதும் நான்தான். பதிமூணு."

"வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றார் மோர்டன்.

"வரேன். முதல்ல அவரு எழுதி முடிக்கட்டும்" என்றாள். "கைக்கு உறை நம்ம வீட்டுல நிறைய இருக்குங்க. நாக்குக்கு நீங்க இன்னும் தைக்கல."

அதன் பிறகு மன்றத்தில் ஏற்பட்ட சத்தத்தை அடக்கச் சேவகர் தடியைத் தரையில் பலமுறை தட்ட வேண்டியிருந்தது. பிலிப்பா பெஞ்சைத் தாண்டி வந்து அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. எனக்குக் கண் கலங்கியது, வயசானால் வரும் நீர் என்று எழுத்தரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

அதற்கு மேல் தாம் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று மோர்டன் சொன்னார். பன்னிரண்டு உறுப்பினர்களும் அங்கேயே கூடிப் பேசினார்கள். செசிலி தகப்பனின் சத்தியத்துக்குப் பின் பிறந்தவள், அவள் புருஷனுக்கு உரிமை உண்டு என்று நீதிபதி ஐயா சொன்னார். சங்கத் தலைவரான மோர்டனே தம் கையால் பாலத்தடிக் கடையின் ஆணிகளைப் பிடுங்க வேண்டும் என்றும் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். ஒன்பது ஆணி. ஏழாவது ஆணி வளைந்துவிட்டதால் பியர்ஸ் குறடு கொடுத்து உதவினார். செசிலி ஒரு முக்காலி போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். நான்தான் உட்காரச் சொன்னேன்.

பிற்பகல் மாடி அறையில் எழுத்தர், மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கீழே மன்றக் கூடத்தில் மேயர் திரும்ப அங்கியும் சங்கிலியும் போட்டுக்கொண்டு, வழக்கால் தடைபட்டிருந்த சத்தியத்தைப் பியர்ஸ் ஆல்டனுக்கு அவரே செய்து வைத்துக்கொண்டிருந்தார். குரல் மாடிக்குக் கேட்டது, இரண்டு இடத்தில் தடுமாறியது. நாங்கள் வாசல்படியில் மேயர் உட்கார்ந்திருந்த வரிக்கு வந்தபோது மணி ஆரம்பித்தது. எழுத்தர் படிப்பதை நிறுத்தினார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சந்தைக்காரர்கள், படகுக்காரர்கள், டாபின், எல்லோரும் அப்படி அப்படியே நின்று வாயால் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு அடித்தது. நின்றது. தெருவில் ஒருவரும் நகரவில்லை.

அதன் பிறகு பதின்மூன்றாவது அடித்தது.

தெருவில் எழுந்த சத்தத்தில் கோயில் புறாக்களெல்லாம் கிளம்பிவிட்டன. கீழே கூடத்தில் மேயர் சிரிப்பது தனியாகக் கேட்டது. இருபத்துமூன்று வருஷத்தில் அந்த எண்ணுக்கு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"மாப்பிள்ளையும் தப்பா அடிச்சுட்டாரே" என்றார் எழுத்தர்.

"இல்ல தம்பி. இனிமே இந்த ஊர்ல இதுதான் சரி. எழுதுங்க" என்றேன்.

வாக்குமூலம் முடிந்த பிறகு நடந்ததைச் சேர்ப்பது வழக்கமில்லை என்று அவர் சொன்னார். அவருடைய தலை எந்தக் கோணத்தில் வந்தது என்பதை அவருக்கு மறுபடி ஞாபகப்படுத்தினேன். சேர்த்துக்கொண்டார்.

இதில் உள்ள அத்தனையும் நான் என் வாயால் சொன்னது, யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவைத்ததில்லை. ஒன்று கூட்டவும் இல்லை, ஒன்று குறைக்கவும் இல்லை. பிஷப் முன்னால் செய்த சத்தியத்துக்கும் இந்த மன்றத்தில் செய்த சத்தியத்துக்கும் கட்டுப்பட்டு, எல்லாம் உண்மை. எனக்கு எழுதத் தெரியாததால் குறி இடுகிறேன்.

தாமசின் பைக், அவள் குறி: ✕

குறி இட்டதற்குச் சாட்சி: வினிஃபிரட் மோர்டன். இடது கையால் தாளைப் பிடித்து, வலது கையால் தானே எழுதியது. இரண்டு கையிலும் உறை இல்லை.